மலைப்பகுதிக்கு நீலம்

எங்கள் வானிலை அலுவலகத்தில் அவருக்கு இடி அக்கா என்று பெயர். மழை, இடி என்று எழுதிக்கொண்டிருப்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை. அக்கா தும்மினால் அப்படி இருக்கும். அடுத்த அறையில் கோப்பு பார்த்துக்கொண்டிருக்கும் இயக்குநர் பேனாவைக் கீழே போட்டுவிடுவார். ஒருநாள் காலை வயர்லெஸ்ஸில் மலையிலிருந்து அளவுகளை வாங்கி எழுதிக்கொண்டிருந்தபோது தும்மிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "இங்க வானம் வெளுப்பாத்தான் இருக்கு, இடி உங்க பக்கம்" என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் அவருடைய கணவர்.

அக்கா இருபத்திரண்டு வயதில் இங்கே வேலைக்கு வந்தவர். மொட்டை மாடியில் வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானிகளை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்கிற வேலை. மலையுச்சித் தீக்காவல் கோபுரத்திலிருந்து காலை எட்டு மணிக்கு வரும் அளவுகளை வாங்குவதும் அவர் பொறுப்பு. வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை, புகை உண்டா இல்லையா என்பதைத் தவிர ஒரு வருடம் இருவரும் வேறு எதுவும் பேசவில்லை என்று அக்கா சத்தியம் செய்வார். நான் நம்பியதில்லை. இரண்டாம் வருடம் கல்யாணம் நடந்தது. ஆள் எப்படி இருப்பார் என்றுகூடத் தெரியாமல் குரலுக்குக் கழுத்தை நீட்டினாயா என்று நாங்கள் கேலி செய்வோம். ஆளும் நன்றாகத்தான் இருந்தார்.

நான் அக்காவைவிட ஆறு வயது சின்னவள். தட்டச்சு, வயர்லெஸ் இரண்டும் என் மேசையில். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். கோடை முழுக்க மாமா மலையில் இருப்பார். அக்கா இங்கே மகளை வளர்த்தார், அளவுகள் எழுதினார், தேர்வுகள் எழுதி மேலே வந்து, கடைசியில் கோடைக்கால முன்னறிவிப்பையே தயாரிக்கிற நாற்காலிக்கு வந்தார். நாற்காலி உயர்ந்த பிறகும் மலையின் காலை அளவுகளை வேறு யாரையும் வாங்க விடவில்லை. கோடையில் அந்தக் குடும்பம் நடந்தது காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம்.

அந்த முன்னறிவிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலோரம், சமவெளி, ஆற்றுப்பகுதி, நகரம், மலை என்று ஐந்து பகுதிகள். வெயில் கடுமை என்றால் சிவப்பு, காட்டுத்தீ ஆபத்து என்றால் ஆரஞ்சு, இடியும் மழையும் என்றால் நீலம். ஒரு பகுதிக்கு ஒரு நிறம்தான். எப்போதோ இருந்த ஓர் இயக்குநர் போட்ட உத்தரவு அது. இரண்டு நிறம் போட்டால் மக்கள் குழம்பிவிடுவார்களாம். மக்கள் ஒன்றும் குழம்பவில்லை, அவர்தான் குழம்பினார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். உத்தரவுக்கு மட்டும் ஓய்வு வயது வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வனத்துறை அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஆள் போடும். மலைக்கு ஆரஞ்சு என்றால் ஒவ்வொரு கோபுரத்திலும் இரண்டு பேர், மழைக்காலம் பிடிக்கிறவரை யாருக்கும் விடுப்பு கிடையாது. நீலம் என்றால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும் என்று ஒரே ஆள், வாரம் ஒருவராக மாற்றி மாற்றி.

மாமாவுடன் கோபுரத்தில் இருந்தவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். பதினான்கு வருடம் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். மாமா அளவுகளைச் சொல்லி முடித்ததும் பின்னால் ஒரு குரல் ஒரு வரி பாடும். சுருதி எங்கேயோ போகும், தாளம் எங்கேயோ போகும். ஆனாலும் அந்த ஒரு வரியைக் கேட்காமல் எனக்கு வேலை ஓடாது. மாமாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் வேலையில் ஒரு முறை இருந்தது. எங்காவது சின்னதாகப் புகை எழுந்தால் பாட்டுக்காரர் கையில் பிடிக்கிற வயர்லெஸ் கருவியோடு இறங்கிப் போவார், மாமா மேலேயே நிற்பார். கீழே போகிறவருக்கு முன்னால் இருக்கிற மரம்தான் தெரியும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, நெருப்பு எங்கே தாவுகிறது என்பதெல்லாம் மேலே நிற்கிறவருக்குத்தான் தெரியும். "பின்னாடி எப்படி இருக்கு அண்ணே?" என்று அவர் நொடிக்கு நூறு முறை கேட்பார். இவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் கால், இவர் கண்.

மூன்று வருடம் தொடர்ந்து அக்கா மலைக்கு ஆரஞ்சு போட்டார். மூன்று வருடமும் ஒரு புல்கூடப் பற்றவில்லை. மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள் என்று அங்கே கடை வைத்திருப்பவர்கள் புகார் எழுதினார்கள். எங்கள் அலுவலகத்திலேயே சிலர் ஆரஞ்சுப் பழத்தை அக்கா மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அக்காவும் அதை உரித்துத் தின்றுவிட்டுச் சிரித்தார்.

நாலாவது வருடம் மகள் கர்ப்பமாக இருந்தாள். கோடையின் நடுவில் பிரசவம் என்று நாள் குறித்திருந்தார்கள். அடுத்து வருவது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. ஆனால் ஒளித்து வைத்துக் கதை சொல்லுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோடைக்கு முந்தைய மாதத்தில் ஒருநாள், வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாமா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். "நம்ம பொண்ணு பொறந்தப்ப நான் மலையில இருந்தேன். ஏழாம் நாள்தான் மூஞ்சியையே பார்த்தேன். இந்த ஒரு வருஷம் ஆரஞ்சு வேண்டாம்னு உன் மேகத்துக்கிட்ட சொல்லி வையேன்." சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறார். அக்காவும் சிரித்திருக்கிறார்.

முன்னறிவிப்பின் முதல் பிரதி என் மேசைக்கு வந்தபோது மலைக்கு ஆரஞ்சு இருந்தது. அப்படியே அடித்து வைத்தேன். மறுநாள் திருத்திய பிரதி வந்தது. மற்ற நான்கு பகுதிகளிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மலைக்கு மட்டும் நீலம். நான் எழுந்து போய்க் கேட்டேன். இடி அதிகமாகத் தெரிகிறது, மூன்று வருடம் ஏமாந்தது போதும் என்றார் அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுத் திரும்பி வந்து அடித்துக் கொடுத்தேன். முதல் பிரதியைக் கிழித்துக் கூடையில் போட்டதும் நான்தான்.

இடி வரும் என்பது பொய்யில்லை, அந்த வருடம் இடிமேகத்துக்கான அறிகுறி எல்லாம் இருந்தது. ஆனால் மேகத்துக்குக் கீழே இருக்கிற காற்று அனலாகக் காய்ந்து கிடந்தால், விழுகிற மழையை அது பாதி வழியிலேயே குடித்துவிடும். தரைக்கு மின்னல் வரும், தண்ணீர் வராது. காய்ந்த இடி என்போம் நாங்கள். அக்காவுக்கு அது தெரியாதா? அவருடைய கணக்குத் தாளின் ஓரத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தது: "கீழே ஈரம் போதாது."

கோடை வந்தது. சமவெளி கொதித்தது, கடலோரம் புழுங்கியது. மலைக் கோபுரத்தில் ஒரு வாரம் மாமா, ஒரு வாரம் பாட்டுக்காரர். பிரசவ வாரத்தில் மாமா இறங்கி வந்து மகள் வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார். மகள் வீட்டு வேலையில் அக்காவால் எட்டு மணிக்கு வர முடியாததால் அந்த வாரம் மட்டும் காலை அளவுகளை நான் வாங்கினேன். பாட்டுக்காரரே அளவுகளைச் சொல்லி, பாட்டையும் அவரே பாடினார்.

வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு மலைமேல் மேகம் எழுந்தது. அக்கா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மருத்துவமனையில் இருந்தார். இரண்டு மணிக்கு அங்கிருந்து போன் வந்தது, பெண் குழந்தை. சந்தோஷமாக வயர்லெஸ்ஸை எடுத்துப் பாட்டுக்காரருக்குச் சொன்னேன். ஒரு வரிக்குப் பதில் மூன்று வரி பாடினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். கிழக்குச் சரிவில் மின்னல் விழுந்திருக்கிறது, லேசாகப் புகைகிறது, மழை நாலு துளிகூட இல்லை என்றார். வனத்துறை வண்டி கிளம்பிவிட்டது, வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

"தனியாவா போறீங்க?" என்றேன்.

"சின்னப் புகைதான்மா. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. பேத்தியைக் கையில வாங்கின மனுஷன், போட்டுட்டு ஓடி வந்துடுவாரு."

நான் சொல்லவில்லை. அடுத்த இருபது நிமிடமும் அவர் கைக்கருவி திறந்தே இருந்தது. நடக்கிற சத்தம், மூச்சு, இலைச் சருகு. மேகம் கலையும்போது அதிலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே இறங்கி நாலாபக்கமும் அடிக்கும். மேலே நிற்கிற கண்ணுக்கு அது மரங்கள் சாய்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். கீழே போகிற காலுக்குத் தெரியாது. திடீரென்று கருவியில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல், அவசரமே இல்லாமல், பதினான்கு வருடப் பழக்கத்தில் வந்தது.

"பின்னாடி எப்படி இருக்கு அண்ணே?"

நான் நகரத்தில், மாடியில், சன்னல் சாத்திய அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. திரும்பிடுங்க, திரும்பிடுங்க என்று கத்தினேன். எந்தப் பக்கம் திரும்பச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் இன்னொரு முறை அதையே கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

தீ இரண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள்தான் அவரைக் கொண்டுவர முடிந்தது. அவர் மனைவி தையல் வேலை செய்கிறவர். விரலில் ஊசியுறை மாட்டியபடியே வந்து நின்றார். கழற்ற வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. மாமா அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். வளர்ந்த ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

விசாரணை வைத்தார்கள். நான் கேட்டதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக் கொடுத்தேன். நீலத்துக்கு ஒரு ஆள், ஒரு ஆள் இருந்தார், விதிப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது, யார்மேலும் தவறில்லை என்று முடித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியதும் வழக்கம்போல எங்கள் அலுவலகத்தில் கோடை முன்னறிவிப்பைச் சரிபார்க்கும் கூட்டம் நடந்தது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்ப்பார்கள். இயக்குநர் வாய் கொள்ளாத சிரிப்போடு வாசித்தார். கடலோரம் சரி, சமவெளி சரி, ஆற்றுப்பகுதி சரி, நகரம் சரி. மலையில் வழக்கத்தைவிட அதிகமாக இடி என்று சொன்னோம், அப்படியே நடந்தது. ஐந்துக்கு ஐந்து, இந்த அலுவலகத்தின் சரித்திரத்திலேயே முதல் முறை. அக்காவை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கையிலும் நரம்பில்லாதவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டு, கூட்டம் முடியும் முன்பே வெளியே போய்விட்டார்.

நான் மொட்டை மாடியில் போய்க் கண்டுபிடித்தேன். வெப்பமானிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒருத்தராவது என்னைத் திட்டுவாங்கன்னு பார்த்தேன்," என்றார். "லெட்டர் குடுக்கறாங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். துணி மடித்தது, மாமா சிரித்தது, மறுநாள் காலையில் நிறத்தை மாற்றியது. "ஈரம் போதாதுன்னு என் கையாலயே எழுதியிருந்தேன். எழுதிட்டு மாத்தினேன். ஒரே ஒரு தடவை அவரு வீட்ல இருக்கட்டும்னு நினைச்சேன். ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதை மாமாவிடம் சொல்லிவிட்டு அப்புறம் அழு என்றேன். அவ்வளவு கொடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். அக்கா தலையை ஆட்டினார்.

"சொன்னா, அவரு ஆசைதான் அந்த மனுஷனைக் கொன்னுச்சுன்னு ஆயிடும். பேத்தியை எந்தக் கையால தூக்குவாரு? ஏற்கெனவே கேட்டாரு. மொதல்லேர்ந்தே நீலம்தான், நான்தான் தப்பா கணிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். நம்பல. உன்கிட்ட வருவாரு. நீதானே டைப் பண்ணே."

என்னை இதில் இழுக்காதே, கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன் என்றேன். சத்தமாகவே சொன்னேன். அக்கா பெட்டிக் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தார். அந்த வேலை இப்போது அவருடையதே இல்லை.

மாமா அடுத்த புதன்கிழமை வந்தார். அக்கா கீழ்த்தளத்தில் கூட்டத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருந்தார். நான்கு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். கண் இரண்டும் உள்ளே போய்விட்டிருந்தன. தூங்குகிறீர்களா மாமா என்று கேட்டேன். படுத்தால் அவன் குரல் கேட்கிறது என்றார். நான் எழுதிக் கொடுத்ததை விசாரணை அறிக்கையில் படித்திருக்கிறார். கடைசியாகப் பாட்டுக்காரர் என்ன கேட்டார், யாரைக் கேட்டார் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் எழுதிய என் கையை அப்போது வெட்டிப் போடலாம் போல் இருந்தது.

என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லும்மா. மொத காப்பியில மலைக்கு என்ன கலர் இருந்துச்சு?"

நான் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினேன்.

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், இந்த வருஷம் ஆரஞ்சு வேண்டாம்னு. பிரசவத்துக்கு வீட்ல இருக்கணும்னு ஒரு ஆசை. அவ அதை மனசுல வச்சுக்கிட்டு மாத்திட்டாளோன்னு..." நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்தார். "அப்படி இருந்தா, நான்தானேம்மா அவனைத் தனியா விட்டது?"

கிழித்துப் போட்ட அந்த முதல் பிரதி என் கண்முன்னால் நின்றது. தாளில் நானே அடித்த வரி, மலைப்பகுதி, ஆரஞ்சு.

"மொதல்லேர்ந்தே நீலம்தான் மாமா," என்றேன். "மாத்தவே இல்ல. நான்தானே அடிச்சேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின. மூச்சை இழுத்து விட்டார்.

"அப்ப அவளுக்குத் தெரியல," என்றார். "முப்பது வருஷமா மேகத்தைப் பாக்கறா. காய்ஞ்ச இடி எதுன்னு தெரியல. அவளை நம்பி நான் அவனைத் தனியா விட்டுட்டு வந்தேன்." குரலில் கோபம்கூட இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தார். வருடம் முழுக்க மலையிலேயே இருக்கிற மாதிரி வேலையை மாற்றிக் கேட்டிருப்பதாகவும், காலை அளவுகளை இனி நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அவளிடம் பேசத் தனக்கு எதுவும் இல்லை என்றார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அக்கா மாடிக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வந்தாரா?"

"வந்தாரு."

"நீ என்ன சொன்னே?"

"நீ சொன்னதைத்தான் சொன்னேன்."

"நம்பிட்டாரா?"

"நம்பிட்டாரு அக்கா. இனிமே உன்கூடப் பேச மாட்டாரு. மலையிலயே இருக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஆனால் முகத்தில், நான்கு மாதமாக நான் பார்க்காத ஒரு நிம்மதி.

"சரி," என்றார். "இனிமேலாவது தூங்குவாரு."